பலுசாமிக்கு எந்த ஊர்?

ஓசூர்க்காரனுக்கு எல்லை தாண்டுவது ஒரு விஷயமே இல்லை. ஜூஜூவாடியில் டீ சொல்லிவிட்டு பைக்கை முறுக்கினால், அத்திப்பள்ளி போய்க் கன்னடப் பேப்பர் வாங்கி வருவதற்குள் டீ ஆறாது. எங்கள் தெருவில் பால்காரரிடம் தெலுங்கு, பூக்காரம்மாவிடம் கன்னடம், வட்டிக்காரரிடம் (எந்த மொழியும் எடுபடாததால்) மௌனம். அப்படிப்பட்ட நான் 'பிஜிக்குப் போகிறேன்' என்றதும் எதிர்வீட்டு நாயுடுகாரு நிதானமாகக் கேட்டார்:

"ஏ பஸ்ஸு? மெஜஸ்டிக்கா, சாட்டிலைட்டா?"

பிஜிக்கு பஸ் கிடையாது. பசிபிக் சமுத்திரத்தில், ஆஸ்திரேலியாவையும் தாண்டிக் கிழக்கே கிடக்கிறது அந்தத் தீவுக் கூட்டம். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம். (சில்க் போர்டு சிக்னலில் மட்டும் ஒரு வார இதழ் படித்து முடித்தேன்.) பிறகு சிங்கப்பூர். அங்கிருந்து சுமார் பத்து மணி நேரம். கிலோமீட்டருக்கு இவ்வளவு நிமிஷம் என்று கணக்குப் பார்த்தால், பயணத்திலேயே மெதுவான பகுதி ஓசூர் ரோடுதான். பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கணக்கு.

போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, என்னோடு பி.காம். படித்தவன் லௌடோகாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். 'டிக்கெட் மட்டும் உன்னுது, சோறு என்னுது' என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது காரணம், காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பாட்டி.

பாட்டியின் தாத்தாவுக்கு ஒரு தம்பி. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. கிருஷ்ணகிரி அப்போது சேலம் ஜில்லா. மழை பொய்த்து, கிணறு வற்றி, இருக்கிற தண்ணீருக்கு அண்ணன் தம்பிக்குள் வாய்த் தகராறு. 'மழை பெய்யற ஊருக்குப் போறேன்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், போனவர்தான். பிறகு யாரோ வந்து, 'பட்டணத்து டிப்போவில் பார்த்தேன், பிஜிக்குக் கப்பல் ஏறிட்டான்' என்றார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆடி அமாவாசைப் படையலில் ஓர் இலை கூடுதல். 'செத்திருந்தா வந்து சாப்பிடட்டும், உசிரோட இருந்தா பொரை ஏறட்டும்' என்பது அந்த வீட்டு சாஸ்திரம். பொரை ஏறுகிற வயசெல்லாம் அவருக்கு எப்போதோ தாண்டியாகிவிட்டது. இலை மட்டும் நிற்கவில்லை.

"கண்ணு, அந்தப் பக்கம் போறியாமே. அவன் என்னா ஆனான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு" என்றாள் பாட்டி. ஏதோ போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வது போல!

மூன்றரை கிருஷ்ணகிரி

விமானம் இறங்கும் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் 'நாடி' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே வாசித்தேன். நண்பன் சிரித்தான். "நாடி பார்க்க நீ என்ன வைத்தியரா? நாந்தின்னு சொல்லு."

1830-களில் வந்த மெதடிஸ்ட் மிஷனரிகள் இந்த மொழிக்கு எழுத்துமுறை வகுத்தபோது ஒரு சிக்கனம் செய்தார்கள். 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் முன்னால் ஒரு 'ந்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'பி' போட்டால் ஒரு 'ம்'. 'பா' என்று எழுதப்பட்ட ஊர் 'ம்பா'. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வணக்கமான 'புலா', வாயில் 'ம்புலா'. 'அம்பு' என்று எழுதினால் 'ப'வை மென்மையாக உச்சரிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு நாளில் பழகிவிடும். வெள்ளைக்கார டூரிஸ்டுகள்தான் கடைசி வரை நாடி, நாடி என்று அலைகிறார்கள்.

இப்போது கணக்கு. பிஜியின் மொத்த நிலம் சுமார் 18,270 சதுர கிலோமீட்டர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் 5,143. ஆக, பிஜி என்பது மூன்றரை கிருஷ்ணகிரி. ஜனங்கள்? 2017 கணக்கெடுப்பில் 8 லட்சத்து 85 ஆயிரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2011-லேயே கிட்டத்தட்ட 18 லட்சத்து 80 ஆயிரம். பாதிக்கும் குறைவு! இந்த மூன்றரை கிருஷ்ணகிரியை 330-க்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைத்து, தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பரப்புள்ள கடலில் தூவிவிட்டால், அதுதான் பிஜி. துண்டுகளில் சுமார் 110-ல்தான் ஆள் வாசம். வீட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டு பெரிய தீவுகளில்தான் முக்கால்வாசிக்கும் மேல் ஜனம். மிச்சமெல்லாம் எரிமலை கக்கியதும், பவழப்பூச்சி கட்டியதும்.

டவேயூனி என்ற தீவின் மேல் 180-வது தீர்க்கரேகை ஓடுகிறது. அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து, நேற்றிலும் இன்றிலும் நிற்பதாக போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நாட்டுக்குள் இரண்டு கிழமை நடமாடினால் குழப்பம் என்று தேதிக்கோட்டை அங்கே வளைத்து, கிழக்கே ஒதுக்கிவிட்டார்கள். எனக்குப் புல்லரிக்கவில்லை. ஒரு காலைத் தமிழ்நாட்டிலும் ஒரு காலைக் கர்நாடகத்திலும் வைத்து டயருக்குக் காற்றடிக்கும் ஊர்க்காரன் நான்.

கிழக்கே குடை, மேற்கே குல்லா

நான் போனது ஜூலையில். மே முதல் அக்டோபர் வரை அங்கே இதமான காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புழுக்கம், மழை, புயல். 2016 பிப்ரவரி 20-ல் அடித்த வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடங்களே பறந்துபோயின. 'எங்கே கல்யாணம்?' என்று கேட்டால்கூட, 'வின்ஸ்டனுக்கு முந்தின வருஷம்' என்றுதான் அந்தப் பக்கம் பதில் வருகிறது.

வீட்டி லெவுவின் நடுவில் மலைகள். உச்சி 1,324 மீட்டர். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் முட்டி, கிழக்கே இருக்கும் தலைநகர் சுவாவின் மேல் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர். சுவாவில் குடை இல்லாமல் நடப்பவரை வெளியூர்க்காரர் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அதே காற்று மலையைத் தாண்டி மேற்கே நாந்திக்கும் லௌடோகாவுக்கும் வரும்போது மூட்டை பாதி காலி. அங்கே சுமார் 1,800 மில்லிமீட்டர்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மங்களூருக்குக் கொடுத்துவிட்டு நமக்குக் கைவிரிக்கிறதே, அதே வித்தை.

மழை குறைந்த, வெயில் அடிக்கிற அந்த மேற்குப் பக்கம்தான் கரும்புக்கு லாயக்கு. லௌடோகா சர்க்கரை ஆலை 1903-ல் ஓட ஆரம்பித்தது. இன்றும் கரும்பு ஏற்றிய குட்டி ரயில், இரண்டடி அகலத் தண்டவாளத்தில், ரோட்டுக்குக் குறுக்கே சாவகாசமாகப் போகிறது. கார்கள் காத்து நிற்கின்றன. ஹாரன் அடிப்பதில்லை. ஓசூர்க்காரனுக்கு அதுதான் பிஜியின் முதல் அதிசயம்.

பலுசாமி தரிசனம்

பிஜியின் பூர்வகுடிகளை 'இ-தௌக்கேய்' என்கிறார்கள். மண்ணின் சொந்தக்காரர்கள். ஆஜானுபாகுவான ஆட்கள். குரல் மட்டும் தேன். ரக்பி என்றால் உயிர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கமே ரக்பியில் தங்கம்.

நண்பனின் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தார். முதலில் யங்கோனா. ஒரு செடியின் வேரை இடித்து, தண்ணீரில் பிசைந்து, மரத் தொட்டியிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தருகிறார்கள். ஒரு முறை கை தட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை கை தட்ட வேண்டும். மழைக்காலக் குட்டையைக் கலக்கிக் குடித்த ருசி. ரெண்டு நிமிஷத்தில் நாக்கு மரத்துவிட்டது. என் மனைவி இதைக் கேள்விப்பட்டால் மாதாமாதம் ஒரு பொட்டலம் வரவழைப்பாள்.

பிறகு சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கு. (சேலம், தர்மபுரிப் பக்கத்தவனிடமா!) அதோடு பச்சையாக ஒன்று. "இது என்ன?" என்றேன்.

"பலுசாமி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பழனிசாமி, வேலுசாமி வரிசையில் ஒரு பலுசாமி! கப்பலில் வந்த நம் ஆள் யாரோ கண்டுபிடித்து, அவர் பெயரே நிலைத்துவிட்டது என்று ஒரு நிமிஷத்தில் மனசுக்குள் கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன். நண்பன் தண்ணீர் ஊற்றினான். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் விட்டு வேக வைப்பது. சமோவாத் தீவுப் பக்கத்துப் பண்டம், சமோவா மொழிப் பெயர். நமக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை.

ஆனால் ருசி? நம்ம வீட்டு ருசி.

கவுண்டருக்குத் தமிழ் தெரியாது

மறுநாளே தலைகீழ் அனுபவம். கடைத்தெருவில் போர்டுகள்: கவுண்டர், ரெட்டி, நாயுடு, பிள்ளை, முதலியார். உள்ளே போய் உரிமையோடு "வணக்கங்க, எந்த ஊரு?" என்றால், கல்லாவில் இருந்தவர் சங்கடமாகச் சிரித்து இந்தியில் பேசுகிறார். பலுசாமிக்குப் பெயரில் மட்டும் தமிழ். இவர்களுக்கும் அப்படியே ஆகிவிட்டிருக்கிறது.

எப்படி ஆனது? 1879 மே 14-ல் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 1916 வரை மொத்தம் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முதல் 24 வருஷம் எல்லோரும் வடக்கத்தியர்கள், பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம். 1903-லிருந்துதான் சென்னைக் கப்பல்கள். அதில் சுமார் 15 ஆயிரம் பேர் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்கள். ஐந்து வருஷ 'அக்ரிமெண்ட்'. ஜனங்களின் நாக்கில் அது 'கிர்மிட்' ஆனது. ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று காகிதத்தில் இருந்தது. கையில் வந்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அந்தப் பெண்களின் கதியைக் கேட்டுத்தான் பாரதியார் 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்று பாடினார்.

தோட்டத்தில் முன்னமே வந்தவர்களின் போஜ்புரியும் அவதியும் கலந்த இந்திதான் பொது பாஷை. பின்னால் வந்த 'மதராசி' அதைக் கற்றே ஆக வேண்டும். பிள்ளைகள் அதிலேயே வளர்ந்தார்கள். தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கி, பிறகு பூஜை அறைக்குள் ஒதுங்கிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. ஓசூர் சிப்காட்டில் இன்று பீகார், ஒரிசா பையன்கள் ஆயிரக்கணக்கில். அவர்களோடு பழகியதில்தான் எனக்கு அரைகுறை இந்தியே வந்தது. அவர்கள் பிள்ளைகளில் சிலர் நம் அரசுப் பள்ளிகளில் 'அ, ஆ' எழுதுகிறார்கள். பிஜியில் நம்மாள் பீகாரியின் பாஷைக்கு மாறினார். ஓசூரில் பீகாரி நம் பாஷைக்கு வந்துகொண்டிருக்கிறார். பிழைப்பு எங்கேயோ, நாக்கு அங்கே.

அதற்காக அவர்கள் கையைக் கட்டி உட்காரவில்லை. கூலியாக வந்தவர் சாது குப்புசாமி. 1926-ல் அவர் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பல பள்ளிக்கூடங்களை நடத்துகிறது. பூர்வகுடிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். நாந்தியில் 1994-ல் கும்பாபிஷேகம் ஆன சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், பசிபிக் நீலத்துக்கு எதிரே பஞ்சவர்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. தமிழ் தெரியாதவர்கள் தமிழ்க் கடவுளுக்கு அரோகரா சொல்கிறார்கள். சுவாவில் அம்மன் கோயில் தீமிதி பிரசித்தம். ம்பெங்கா தீவுப் பூர்வகுடிகளும் பரம்பரையாகச் சுட்ட கல்லின் மேல் நடக்கிறவர்கள்தான். யாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

டேலி ஆகாத கணக்கு

சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பலேறியவர்களின் அனுமதிச் சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், வயசு, உயரம், ஜாதி, கிராமம், ஜில்லா, உடம்பில் தழும்பு எங்கே என்பது வரை. மைக்ரோபிலிமில் ஒரு நாள் முழுக்கத் துழாவினேன். 'சேலம்' என்று பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். எங்கள் ஆளின் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அப்பா பெயர் பொருந்தினால் வயசு இடிக்கிறது. வயசு பொருந்தினால், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்தாலும் காவேரிப்பட்டணம் பக்கம் கொண்டுவர முடியவில்லை. இரண்டு பைசா இடித்தாலும் தூங்காமல் தேடுகிற படிப்பு என்னுடையது. இதில் ஒரு மனிதரே இடித்தார்.

கடைசி நாள் நண்பன் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனான். எழுபது வயசு. கவுண்டர். தாத்தாவை 'ஆஜா' என்றார். "எங்கள் ஆஜா சேலத்திலிருந்து வந்தவர். எந்த கிராமம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை" என்று பிஜி இந்தியில் சொன்னார்.

கரும்புக் காட்டை அறுபது வருஷம் உழுத குடும்பம். ஆனால் பட்டா இல்லை. பிஜியில் எண்பது சதவிகிதத்துக்கும் மேல் நிலம் பூர்வகுடிகளின் பொதுச் சொத்து. விற்கவே முடியாது. வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்தால்தான் அவர்கள் மண் அவர்களிடம் தங்கியது. குத்தகைக்கு வந்தவர்களுக்கோ, தவணை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1990-களின் கடைசியில் ஏராளமான குத்தகைகள் முடிந்தன. இவருடையதும் அதில் ஒன்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்குதான் உலகத்திலேயே தீர்க்கக் கஷ்டமானது.

"அதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள்" என்றார். 1987 மே 14. முதல் கப்பல் வந்த அதே தேதி! அன்றுதான் ராணுவ அதிகாரி ரபூக்கா ஆட்சியைப் பிடித்தார். அதிலிருந்து இந்திய வம்சாவளியினர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று புறப்பட்டார்கள். 2000-ல் இன்னொரு கலவரம். அப்போது பிரதமராக இருந்த மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிணைக்கைதியாக வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பூர்வகுடிகளைவிட அதிகமாக இருந்த இந்தியர்கள் 2007 கணக்கெடுப்பில் 37 சதவிகிதம் சொச்சம்.

தேர்தலில் ஜெயித்துப் பிரதமரான அதே ரபூக்கா, 2023 மே 14-ல் 1987-க்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷத்திலிருந்து கிர்மிட் நாள் அரசு விடுமுறை. "நல்லதுதான்" என்றார் பெரியவர். "கேட்க வேண்டிய பிள்ளைகள்தான் சிட்னியில் இருக்கிறார்கள்."

பிறகு என்னிடம் கேட்டார்: "நாங்கள் வந்த பிறகு, அந்தப் பக்கம் யாராவது எங்களைத் தேடினார்களா?"

பாட்டி வீட்டு இலையைப் பற்றிச் சொன்னேன்.

"ஹர் சால்?" என்றார். வருஷா வருஷமா?

"ஆமாம். நூறு வருஷத்துக்கு மேலாக."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் ஆள் சாப்பிட வராவிட்டால், எங்கள் ஆஜா வந்து சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போனேன். பாட்டி அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கண்ணு?"

"ஆள் அகப்படலை பாட்டி. சேலத்துக்காரர் ஒருத்தரைப் பார்த்தேன்" என்று பெரியவர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நறுக்கினாள். முடித்ததும் ஒரே கேள்வி:

"அங்க மழ பெய்யுதா?"

"கிழக்கே கொட்டுது. மேற்கே கம்மி."

"கரும்புக் காடு எந்தப் பக்கம்?"

"பெரும்பாலும் மேற்கே."

"பாத்தியா! மழ பெய்யற ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு, கம்மியா பெய்யற பக்கமாவே போயி உழுந்திருக்கான், துப்பு கெட்டவன்!"

"கம்மின்னா அவங்க கணக்குல கம்மி பாட்டி. நம்மூரு மழை மாதிரி ரெண்டு மடங்கு."

பாட்டி வாழைக்காயை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மடங்கா? அப்ப சரி" என்றவள், கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "தோட்டத்துக்குப் போயி இன்னொரு எல அறுத்துட்டு வா. அந்தச் சேலத்துக்காரருக்குத் தனியாப் போடணும்."